செக்கும் குதிரைச் சக்தியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுமுன் வரும் இருங்காட்டுக்கோட்டையில், 1990-ம் ஆண்டு முதல் மோட்டார் பந்தயத் தளமும், 1998 முதல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும் நடந்துவருகின்றன. அடுத்துள்ள ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. இவ்வட்டாரத்து எஞ்சின்களின் பெருமையைக் குதிரைச் சக்தியால் அளந்து பேசும் நாம், அக்கணக்கின் மர்மத்தை நம் ஊர்ச் செக்கிலேயே தெரிந்துகொள்ளலாம்.

செக்கு மாடு இழுக்கும் விசையை, அது நடக்கும் வட்டத்தின் ஆரத்தால் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது சுழற்சி வேகம். மாடு எவ்வளவு பலமாக இழுத்தாலும் செக்கு அசையாவிட்டால் எண்ணெய் இல்லை. ஆகவே இவ்விரண்டின் பெருக்கமே சக்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட், ஆலைக் குதிரை ஒன்று 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 முறை சுற்றி, 180 ராத்தல் விசையோடு இழுப்பதாகக் கொண்டு, நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் வேலையை ஒரு குதிரைச் சக்தி என வகுத்ததும் இதே நியாயத்தால்தான். இன்றைய அளவில் அது சுமார் 746 வாட்.

எஞ்சினைப் பரிசோதிக்கும் டைனமோமீட்டர் என்ற கருவி முறுக்குவிசையையும் சுழற்சியையுமே அளக்கிறது. குதிரைச் சக்தி கணிதத்தால் பெறப்படுவது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி, ஏறக்குறைய 7,120-ஆல் வகுத்தால் விடை கிடைக்கும்.

திருஷ்டாந்தமாக, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் இப்போதைய எஞ்சின், 4,000 சுழற்சியில் தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. அப்போது அதன் சக்தி 15 குதிரைக்குச் சற்றே அதிகம். உச்ச சக்தியான 20.2 குதிரையோ 6,100 சுழற்சியில் வருகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், அவ்வேளையில் முறுக்குவிசை 23.6-ஆகக் குறைந்திருப்பது புலனாகும். விசை குறைந்தும் சக்தி உயர்ந்ததற்குக் காரணம், சுழற்சி அதைவிட மிகுதியாகப் பெருகியதே. பந்தயத் தளத்தில் ஓட்டுபவர் எஞ்சினை உயர்ந்த சுழற்சியிலேயே வைத்திருப்பதும், நகர நெரிசலில் பாரத்தோடு செல்பவருக்குக் குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசை இதமாயிருப்பதும் இதனால்தான்.

ஆகவே, வண்டி வாங்கச் செல்லும் அன்பர்கள் குதிரைச் சக்தி எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், அது எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும் அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.