தேர்ந்து உண்ணும் ஒட்டுண்ணி

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கும் சந்தனமரம் நினைவுக்கு வரும். அந்த மரம் ஓர் ஒட்டுண்ணி என்பது அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. மண்ணுக்கடியில் அது தன் வேரிலிருந்து சிறு உறிஞ்சுறுப்புகளை வளர்த்து, அக்கம்பக்கத்துச் செடிகொடிகளின் வேருக்குள் செலுத்தி, நீரையும் தழைச்சத்து போன்றவற்றையும் எடுத்துக்கொள்கிறது. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட் 1871இல் இதைப் பற்றி எழுதினார். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்த உறுப்பின் உள்ளமைப்பை விரிவாக ஆராய்ந்தார். நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரையைச் சேர்த்து வளர்ப்பது இதனால்தான். ஆனால் சந்தனத்தின் இலை பச்சை. மாவுச்சத்தை அது தானே தயாரித்துக்கொள்கிறது. எதை அடுத்தவரிடம் எடுப்பது, எதைத் தானே செய்துகொள்வது என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. மலேரியாக் கிருமிக்கும் அப்படியொரு கணக்கு இருக்கிறது. அதற்கு மருந்து தேடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான் என்பது என் வாதம்.

மலேரியாக் கிருமி குடியேறும் சிவப்பணு, வசதியான வீடு அல்ல. உட்கரு கிடையாது, புதிதாகப் புரதம் செய்யும் திறனும் போய்விட்டது. உள்ளே இருக்கும் புரதத்தில் சுமார் 95 சதவீதம் ஹீமோகுளோபின். கிருமி அதை வாயால் கவ்வுவதுபோல் சிறிது சிறிதாக உள்ளிழுத்து, ஒரு செரிமானப் பைக்குள் கொண்டுபோய், நொதிகளால் துண்டாக்கி அமினோ அமிலங்களைப் பெறுகிறது. மிஞ்சும் ஹீம் என்ற பகுதி நஞ்சு. அதைக் கரையாத படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. அந்தப் படிகமாக்கலைக் கெடுப்பதால்தான் குளோரோகுவின் என்ற மலேரியா மருந்து வேலை செய்தது. இதுவரை பாடநூல் செய்தி. வியப்பு இனிமேல்தான். சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் பாதிக்கும் மேல் செரித்துவிடும் கிருமி, கிடைத்த அமினோ அமிலங்களில் சிறு பங்கை மட்டுமே தன் புரதங்களுக்குப் பயன்படுத்துகிறது. மற்றவை வெளியே போகின்றன. பிறகு ஏன் இவ்வளவு தின்கிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விர்ஜிலியோ லியூவும் சகாக்களும் 2003இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கிருமி வளர வளரச் சிவப்பணு நீரேறி வீங்கும். ஹீமோகுளோபினைக் குறைக்காவிட்டால் 48 மணி நேரச் சுழற்சி முடியுமுன்பே வெடித்துவிடும். ஆக, உண்பதில் ஒரு பகுதி பசிக்காக அல்ல, வீடு இடியாமல் இருப்பதற்காக!

இவ்வளவு ஹீமுக்கு நடுவில் இருக்கும் உயிரி ஹீமைத் தானே செய்துகொள்ளுமா? செய்கிறது என்று 1992இல் காட்டினார் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தராஜன் பத்மநாபன். அந்தத் தயாரிப்பை நிறுத்தினால் கிருமியைக் கொல்லலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது. 2013இல் அவருடைய குழுவே அந்த நம்பிக்கையைத் திருத்தியது. எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியில் ஹீம் தயாரிப்புக்கான மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது, ரத்தத்தில் அது பிழைத்துக்கொண்டது. விருந்தோம்பியின் ஹீம் போதுமானதாக இருந்தது. கொசுவின் உடலிலும் கல்லீரலிலும்தான் அது முடங்கியது. அங்கே செரிக்க ஹீமோகுளோபின் இல்லை. தன் முந்தைய முடிவைத் தானே சோதித்துத் திருத்திய இந்த ஆய்வு எனக்கு முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. மாற்றுவழி இருக்கும் இடத்தில் அடிப்பது வீண். மாற்றுவழி இல்லாத கட்டம் எது என்று அது சொல்லித்தருகிறது.

ரத்தக் கட்டத்தில் அப்படி மாற்றில்லாத ஒன்று இருக்கிறது: ஐசோலூசின் என்ற அமினோ அமிலம். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் அது அறவே இல்லை. எவ்வளவு தின்றாலும் கிடைக்காது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்துதான் வர வேண்டும். சிவப்பணுவின் சவ்வு பல சத்துகளை எளிதில் உள்ளே விடாது. ஆகவே கிருமி அந்தச் சவ்வில் புதிய வாசல்களைத் திறக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த சஞ்சய் தேசாயும் சகாக்களும் 2000இல் அந்த வாசலின் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள். 2011இல் அதற்குக் கிருமியின் கிளாக்-3 மரபணுக்கள் காரணம் என்பது தெரியவந்தது. வாசலை அடைத்தால் கிருமி பட்டினி கிடக்கும் என்பது எளிய தர்க்கம்.

அவ்வளவு எளிதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். வாசலை அடைக்கும் சேர்மங்களைக் கொடுத்தும் ஆய்வகக் கிருமிகள் பெரிதாகத் தளரவில்லை என்பது முதல் ஆட்சேபம். பதில் வளர்ப்பு ஊடகத்தில் இருந்தது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஊடகத்தில் சத்துகள் மனித ரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகம். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அரை இலை பரிமாறினாலும் வயிறு நிறையும். வாசல் முக்கால் மூடியிருந்தாலும் தேவையானது உள்ளே போய்விடும். தேசாயின் குழு 2012இல் ஐசோலூசின், குளூட்டமின், ஹைபோசாந்தின் மூன்றையும் ரத்தத்தில் உள்ள அளவை ஒட்டிக் குறைத்ததும், அதே சேர்மங்கள் பல மடங்கு வலுவாக வேலை செய்தன. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. ஐசோலூசினை முற்றிலும் நிறுத்தினாலும் கிருமி உடனே சாவதில்லை. வளர்ச்சியைத் தணித்து உறக்கநிலைக்குப் போகிறது. மூன்று நாள் கழித்து ஐசோலூசின் கிடைத்தாலும் மீண்டும் வளர்கிறது. இதை நான் மறுக்கவில்லை. இதனால் வாசல் மருந்தைத் தனியாகக் கொடுக்க முடியாது, வேறொன்றோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாகிறது. மலேரியாவுக்கு இன்று தரும் ஆர்டெமிசினின் மருந்துகளும் கூட்டாகத்தானே வருகின்றன?

எந்த வழியை அடைத்தாலும் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும் என்பது கடைசி ஆட்சேபம். பெறும், ஆனால் விலை கொடுத்துப் பெறும். இந்தியாவில் குளோரோகுவினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் வகை மலேரியா 1973இல் அசாமில் கண்டறியப்பட்டது. அத்தகைய கிருமியில், செரிமானப் பையின் சவ்விலுள்ள ஒரு புரதம் மாற்றமடைந்து, மருந்தை வெளியே தள்ளுகிறது. ஹீமோகுளோபின் துண்டுகளைப் பையிலிருந்து வெளியே கடத்துவதே அந்தப் புரதத்தின் இயல்பான வேலை என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, உணவு போகும் வழியே மருந்து தப்பும் வழியாகியிருக்கிறது. மாறிய புரதம் பழைய வேலையை முன்போல் செய்வதில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுவினைக் கைவிட்டது. 2005இல் அங்கே நடந்த சோதனையில் அதே மருந்து 80 குழந்தைகளில் 79 பேரைக் குணப்படுத்தியது. மாறாத பழைய கிருமிகள் மீண்டும் மேலோங்கியிருந்தன. இந்தியாவில் அப்படி நடப்பது கடினம். ஃபால்சிபாரத்துக்கு மருந்தை மாற்றிவிட்டோம். ஆனால் இன்னொரு வகையான வைவாக்ஸ் மலேரியாவுக்கு இன்றும் குளோரோகுவின்தான் தரப்படுகிறது. அதனால் மாறிய கிருமிக்குச் சாதகமான சூழல் இங்கே முழுதாக நீங்கவில்லை.