நாய்க்கும் ஒரு வேலை கொடுங்கள்

“நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்பது பழமொழி. நம் வீட்டு வாசலில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும் நாய்க்கு இதில் முதற்பாதி மட்டுமே பொருந்தும். வேலை இல்லை, நிற்பதற்கோ நாள் முழுவதும் நேரம் உண்டு!

வேளை தவறாமல் உணவு வைத்தால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் நாய் உழைத்து வாழ்ந்த பிராணி. சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்தியது; ராஜபாளையம் நாய் வீட்டையும் தோட்டத்தையும் காத்தது. அந்த அறிவுக்கு இன்று வேலை இல்லாததால் நாய் செருப்பைக் கடிக்கிறது, மண்ணைத் தோண்டுகிறது, ஓயாமல் குரைக்கிறது. குறும்பு என்று நாம் அதை அடிக்கிறோம். பல வேளைகளில் அது குறும்பு அன்று, சலிப்பு.

நாயின் அறிவு அதன் மூக்கில் இருக்கிறது எனலாம். மணத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் மனிதருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம். நாய்களில் சில இனங்களுக்கு 20 கோடிக்கும் மேல். எனவே மூக்கிற்கு வேலை கொடுப்பதே எளிய வழி. உணவில் ஒரு பகுதியைச் சிறு துண்டுகளாக்கி, கதவின் பின்னும் நாற்காலியின் அடியிலும் ஒளித்து வைத்துத் தேடச் செய்யுங்கள். பழைய துண்டில் வைத்துச் சுருட்டியும் கொடுக்கலாம். உலாவ அழைத்துச் செல்லும்போது இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அது நின்று மோந்து பார்க்கட்டும். நமக்குச் செய்தித்தாள் போன்றது அதற்கு அந்தத் தெரு.

இரண்டாவது வழி, பாடம் கற்பித்தல். அமெரிக்காவில் சேசர் என்ற நாய் மூன்று ஆண்டுகளில் 1,022 விளையாட்டுப் பொருட்களின் பெயர்களைக் கற்றது. அதைப் பழக்கிய உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி இதனை 2011-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நம் நாய்க்கு அத்தனை தேவையில்லை. பந்து, கயிறு, பொம்மை என மூன்று பெயர்கள் போதும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் கற்பித்து, சரியாகச் செய்தவுடன் தட்டிக்கொடுங்கள். தவறினால் அடிக்க வேண்டாம். அச்சம் வந்த இடத்தில் படிப்பு வராது. விளையாட்டுப் பொருட்களை ஒரே நாளில் கொடுத்துவிடாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பழையதும் புதியதாகும்.

சில எச்சரிக்கைகள்: சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. விழுங்கக்கூடிய சிறு பொருட்களைக் கொடுக்கலாகாது. நண்பகலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். காலையும் மாலையுமே உலாவ ஏற்றவை. உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். அதன் குணம் திடீரென மாறினால் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோழியரே, நமக்குப் பள்ளி உண்டு, பாடம் உண்டு, விளையாட உங்களைப் போன்ற தோழியர் உண்டு. நாய்க்கோ நம்மைத் தவிர வேறு எவரும் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் நாள்தோறும் கால் மணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். அதன் வயிற்றுக்கு நம் அன்னையர் இடுகிறார்கள். அதன் அறிவுக்கு நாம் இடுவோம்.