முதியோர் இல்லங்களில் பராமரிப்புத் தரம்: மதிப்பிடும் முறைகள்

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் இவர்களின் பங்கு 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடாகவும், கேரளத்தில் 12.6 விழுக்காடாகவும் இருந்தது. பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளியூர் செல்வதால், வீட்டிலேயே முதியோரைப் பேணும் ஏற்பாடு தளர்ந்து வருகிறது. எனவே, முதியோர் இல்லம் உள்ளதா என்பதுடன், அங்கு நடைபெறும் பராமரிப்பு எத்தகையது என்பதையும் ஆராய்வது அவசியமாகிறது.

சட்டமும் தரமும்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மாவட்டத்திற்கு ஒன்று என்ற அளவிலேனும், ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக நிறுவ இதன் 19ஆம் பிரிவு வகை செய்கிறது. இல்லங்களின் நிர்வாகத்திற்கும் சேவைகளுக்குமான தரங்களை மாநில அரசுகள் வகுக்கலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. வகுக்கப்பட்ட தரம் நடைமுறையில் எட்டப்படுகிறதா என்பதை அறிவதற்கு முறையான மதிப்பீடு தேவை.

மூன்று கூறுகள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று நிலைகளில் நோக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் அவேடிஸ் டோனபீடியன் 1966ஆம் ஆண்டு விளக்கினார். முதலாவது கட்டமைப்பு: கட்டடம், படுக்கை, செவிலியர் எண்ணிக்கை முதலியன. இரண்டாவது செயல்முறை: மருந்து உரிய வேளையில் தரப்படுகிறதா, நடமாட இயலாதவர் புரட்டிப் படுக்க வைக்கப்படுகிறாரா என்பன. மூன்றாவது விளைவு: இவற்றால் முதியவரின் உடல்நிலையும் மனநிலையும் எவ்வாறு உள்ளன என்பது.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பெரும்பாலும் காண்பது முதற்கூறையே. வெள்ளையடித்த சுவரும் துவைத்த விரிப்பும் எளிதில் கண்ணில் படுகின்றன. விளைவை அறியவோ, முதியவரின் அருகிற் சென்று பார்க்க வேண்டும்.

எவற்றைக் கவனிப்பது?

முதலில் உடல் எடை. ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ எடை குறைந்திருப்பின், உணவு போதவில்லை அல்லது நோய் கவனிக்கப்படவில்லை என்று ஐயுற இடமுண்டு. மாதந்தோறும் எடை பார்க்க ஓர் எடைக் கருவியும் ஒரு குறிப்பேடும் போதும்.

அடுத்தது படுக்கைப் புண். இடுப்பின் பின்புறம், குதிகால் போன்ற இடங்களில் தொடர்ந்து அழுத்தம் ஏற்படும்போது இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் சிதைகிறது. ஈரத்தில் கிடப்பதும் ஊட்டக்குறைவும் இதனை விரைவுபடுத்துகின்றன. இல்லத்திற்கு வந்த பின் ஒருவருக்குப் புதிதாகப் புண் தோன்றியிருந்தால் அதன் காரணம் விசாரிக்கப்பட வேண்டும்.

குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களைக் கொண்டு முதியவரின் தன்னியக்கத்தை அளக்கும் முறையைச் சிட்னி கட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். சேரும் நாளிலும் பின்னர் குறிப்பிட்ட இடைவெளியிலும் இதனைப் பதிந்தால், மாற்றம் புலனாகும். கீழே விழுந்த நிகழ்ச்சிகள், கட்டிவைத்தல், தூக்க மருந்துகளின் மிகைப் பயன்பாடு ஆகியவையும் கேட்டறியத்தக்கன.

பதிவேடும் நேரடி ஆய்வும்

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இல்லவாசிகளின் உரிமைகளை வரையறுத்ததுடன், முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்துவதையும் கட்டாயமாக்கியது. 2008ஆம் ஆண்டு இல்லங்களை ஐந்து நட்சத்திரங்கள் வரை தரப்படுத்தும் முறை தொடங்கப்பட்டது. ஆனால் பணியாளர் எண்ணிக்கை முதலிய விவரங்களை இல்லங்களே தெரிவித்ததால், அவற்றின் நம்பகத்தன்மை பற்றிக் கேள்வி எழுந்தது. 2016ஆம் ஆண்டு முதல் பணியாளர் விவரம் சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் பெறப்படுகிறது. தன்னைத்தானே மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கையை வேறொரு சான்றுடன் ஒப்பிட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

காந்தலூர் தரும் படிப்பினை

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மறையூரை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது காந்தலூர். பூண்டு, காய்கறி, பழ வகைகள் விளையும் இவ்வூரில் தமிழ் பேசும் உழவர் குடும்பங்கள் மிகுதி. முதுவர், மலைப்புலையர் குடியிருப்புகளும் சுற்றிலும் உள்ளன. இத்தகைய மலையூரிலிருந்து ஒரு முதியவர் தொலைவிலுள்ள இல்லத்தில் சேர்க்கப்பட்டால் இரு இடர்கள் நேரிடும். மலைப்பாதையில் நெடுந்தூரம் பயணம் செய்து உறவினர் அடிக்கடி வந்து பார்ப்பது கடினம்; ஆகவே வெளியார் கண்காணிப்பு குறைகிறது. மேலும், பணியாளர் பேசும் மொழி வேறாயின் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதைக்கூட அவரால் சரியாக உணர்த்த இயலாது. முறையிடாதவர் குறையற்றவர் என்று ஏட்டில் பதிவாகும். ஆதலால் அவரவர் தாய்மொழியில் உரையாட ஒருவர் இருக்கிறாரா என்பதும் தரத்தின் ஓர் அளவுகோலாதல் வேண்டும்.

உள்ளாட்சிகளின் பங்கு

கேரள அரசு 2008ஆம் ஆண்டு வலி தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி உள்ளாட்சிகளின் பொறுப்பில், பயிற்சி பெற்ற செவிலியரும் தொண்டர்களும் படுக்கையிலுள்ள நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கின்றனர். புண்ணை நோக்கவும் வலியைக் கேட்டறியவும் பழகிய இவர்கள், முதியோர் இல்லங்களுக்கும் முன்னறிவிப்பின்றிச் சென்றுவர வகை செய்தால், அதிகாரிகளின் ஆண்டு ஆய்வுக்கு அது தக்க துணையாக அமையும். முதியவரின் ஊரையும் மொழியையும் அறிந்த தொண்டர் ஒருவர் உடன் செல்லுதல் நலம்.

பகல் உணவு வேளையிலும், பணியாளர் குறைவாக உள்ள இரவு வேளையிலும் காண்பதே இல்லத்தின் உண்மை நிலையைக் காட்டும். முதியவர் அழைக்கும்போது யாரேனும் வருகிறார்களா, எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்ற இரு வினாக்களுக்கும் விடை பெறாத எந்த மதிப்பீடும் முழுமையானதாகாது.