ஆறரை மணிப் பிரட்டல்



போன மாதம் இளையோர் கூடுகை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, உங்களில் சிலரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கிழமை நாட்களில் இரவு என்ன சாப்பிடுகிறீர்கள்? "ஃப்றீசரில் பீட்சா இருக்கும்" என்றான் ஒருவன். "பாணும் நுட்டெல்லாவும்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது பிள்ளை சிரித்துவிட்டுப் பேசாமல் நின்றாள். அம்மா எத்தனை மணிக்கு வேலையால் வருவா என்று கேட்டேன். "ஒன்பது, ஒன்பதரை" என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. என் அப்பா 1980களின் கடைசியில் இங்கு வந்தவர். அக்காலத்தில் வந்த எங்கள் ஆண்கள் பலரைப் போல ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு உதவிச் சமையற்காரர் ஆனார். அம்மா மாலை ஐந்தரைக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யப் புறப்படுவார். ஆறரைக்கு வீட்டில் இருப்பது நானும் தம்பியும் மட்டுந்தான். மத்தியானச் சோறு இருந்தால் சூடாக்குவோம். இல்லாவிட்டால் பாண்.

எனக்குச் சமையல் வந்தது வீட்டில் அல்ல, பள்ளிக்கூடத்தில். ஹவுஸ்விர்ட்ஷாஃப்ட் பாடம் உங்களுக்கும் இருந்திருக்கும். டிப்டொப்ஃப் புத்தகமும் தெரிந்திருக்கும். 1986இல் முதன்முதல் வெளிவந்த அந்தப் புத்தகம் சுவிஸ் வீடுகளில் இன்னமும் எண்ணெய்க் கறையோடு கிடக்கிறது. அந்த வகுப்பில் ஒருநாள் கஹக்கெட்ஸ் மிட் ஹோர்ன்லி செய்தோம்: அரைத்த மாட்டிறைச்சி, வளைந்த மக்கறோனி, பக்கத்தில் அப்பிள் மசியல். அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டு பேர் சாப்பிட்டோம். இதை ஏன் வீட்டில் செய்யக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. இறைச்சி என்றால் கழுவ வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே அரைத்த இறைச்சியை வடியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். பாதி கழிநீரோடு போனது. மீதியைச் சட்டியில் போட்டால் சாம்பல் நிறத்தில் தண்ணீரில் மிதந்தது. தம்பி அதைப் பூனைச் சாப்பாடு என்றான். மிஞ்சியதை உருண்டையாக்கிப் பொரித்தேன். வெளியே கருகி, உள்ளே சிவப்பு. அதையும் இருவரும் சாப்பிட்டோம். அந்தச் சிவப்பை நினைத்தால் இன்றும் எனக்குள் என்னவோ செய்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பெரிய தட்டையான சட்டியை அடுப்பில் வைத்தார். நன்றாகச் சூடேறும் வரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு கொஞ்சம் எண்ணெய், அதன்மேல் இறைச்சியைப் பரப்பினார். நான் அகப்பையோடு பாய்ந்தேன். "தொடாதை பிள்ளை. சட்டி சத்தம் போடுதோ எண்டு கேள்" என்றார். சீறுகிற சத்தம் இருக்கும்வரை இறைச்சி பொரிகிறது. சத்தம் அடங்கிக் கொதிக்கிற ஓசை வந்தால் அவிகிறது. சுவிஸ் சமையலறையில் பத்து வருடம் நின்று அவர் கற்றது இவ்வளவுதான் என்று சொல்வார். உண்மையில் பாதிச் சமையல் இதற்குள் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் கிடக்கும் மட்டும் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி பொன்னிறமாகி வாசம் வருவதற்கு மேற்பரப்பு ஏறக்குறைய 140 பாகைக்குப் போக வேண்டும். கழுவிய இறைச்சி, சூடேறாத சட்டி, சின்னச் சட்டிக்குள் ஒரேயடியாகக் கொட்டிய ஒரு கிலோ, மூன்றும் தண்ணீரைத்தான் தரும்.

சரி, இனிச் சமைப்போம். நான்கு பேருக்கு 400 கிராம் அரைத்த மாட்டிறைச்சி போதும். ஒரு பெரிய வெங்காயம், நாலு பல்லு உள்ளி, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு லீக்ஸ், இரண்டு கரட், கால்வாசிக் கோவா, ஒரு சிவப்புப் பெப்பெறோனி. கறிவேப்பிலை இருந்தால் நல்லது. நான் தமிழ்க் கடையில் வாங்கும்போதே கழுவித் துடைத்து ஃப்றீசரில் போட்டுவிடுவேன். மரக்கறிகளை முதலில் வெட்டி முடியுங்கள், இறைச்சிப் பொதியை அதற்குப் பிறகு திறவுங்கள். அடுப்பு பற்றிய பின் வெட்ட நேரம் கிடைக்காது. பச்சை இறைச்சி பட்ட பலகையில் மரக்கறி வெட்டவும் கூடாது.

எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி அடுப்பு. மெதுவாகத்தான் சூடேறும், ஆகவே மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு மேல் வேண்டாம், இறைச்சியே கொழுப்பு விடும். இறைச்சியைப் பரப்பி இரண்டு மூன்று நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டி, அகப்பையின் ஓரத்தால் உடையுங்கள். கட்டி ஒன்றும் மிஞ்சக் கூடாது, பட்டாணிக் கடலை அளவுக்கு உதிர வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் முழுக்க நிறம் மாறி, தண்ணீர் வற்றி, திரும்பவும் சீறத் தொடங்கும். அப்போது ஒரு சுத்தமான கோப்பைக்கு மாற்றுங்கள்.

அதே சட்டியில் கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, வெங்காயம், பிறகு உள்ளியும் இஞ்சியும். வெங்காயம் வாடியதும் வறுத்த கறித்தூள் இரண்டு தேக்கரண்டி. அம்மா ஊர் முறையில் வறுத்துத் திரித்த தூள் அது. ஏற்கெனவே வறுபட்டதால் சீக்கிரம் கருகும். அரை நிமிடம் கிளறி, இரண்டு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். பிறகு கரட், லீக்ஸ், கோவா, பெப்பெறோனி, உப்பு. மூன்று நான்கு நிமிடம் பெரிய சூட்டில் பிரட்டினால் மரக்கறி கடிபடும் பதத்தில் இருக்கும். இறைச்சியைத் திருப்பிக் கொட்டி, எல்லாம் கொதிக்கக் கொதிக்கச் சூடேறும்வரை பிரட்டி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள், கொதித்தால் கைக்கும். சோறு ஒரு பக்கத்தில் வெந்துகொண்டிருந்தால் 25 நிமிடத்தில் மேசைக்குப் போகலாம். சோறு இல்லாவிட்டால் ஹோர்ன்லி. என் மகள் இதற்கும் அப்பிள் மசியல் கேட்கிறாள். அப்பா அதைப் பார்க்க விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தச் சிவப்பு உருண்டையின் கதைக்கு வருகிறேன். தாதியர் பட்டப்படிப்பில் நுண்ணுயிரியல் படித்தபோதுதான் அன்றைக்கு நாங்கள் எதனோடு விளையாடினோம் என்று தெரிந்தது. முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். ஆகையால் வெளியே நன்றாக வாட்டிய ஸ்டேக் உள்ளே சிவந்திருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. ஈகோலை கிருமிகளில் ஈஹெக் என்று இங்கே அழைக்கும் வகை, சில சிறு பிள்ளைகளில் வயிற்றோட்டத்தோடு நிற்காமல் சிறுநீரகங்களையே செயலிழக்கச் செய்யும். சுவிஸில் அது கட்டாயம் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய நோய். 1993இல் அமெரிக்காவில் ஒரு துரித உணவுக் கடைத்தொடரின் சரியாக வேகாத ஹாம்பேர்கரால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 4 பிள்ளைகள் இறந்தார்கள்.

இறைச்சியின் நடுப்பகுதி குறைந்தது 70 பாகைக்கு வர வேண்டும் என்பது இங்குள்ள அறிவுரை. நிறத்தை நம்ப வேண்டாம். சில இறைச்சி அந்தச் சூட்டுக்கு வருமுன்னே பழுப்பாகிவிடும். பிரட்டலில் இருக்கும் வசதி, சிறிதாக உதிர்த்துவிடுவதால் வேகாமல் ஒளிந்திருக்க இடமில்லை. உருண்டை, கட்லட், பேர்கர் செய்வதென்றால் ஒரு சமையல் வெப்பமானி வாங்கி நடுவில் குத்திப் பாருங்கள்.

கழுவுவதைப் பற்றி அம்மாமாருடன் வாதாட வேண்டியிருக்கும். கழுவினால் கிருமி போகாது. குழாய்த் தண்ணீர் தெறித்துத் தொட்டியிலும் பக்கத்திலிருக்கும் சலாட்டிலும் போய் ஒட்டும். சூடுதான் அதைக் கொல்லும். என் அம்மா இதை ஒத்துக்கொள்ள நான் பட்டம் பெற வேண்டியிருந்தது.

வாங்கும்போது பொதியில் இரண்டு வகைத் திகதி பார்த்திருப்பீர்கள். 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்றால் அதுவரை தரம் குறையாது என்று பொருள். தாண்டினாலும் பெரும்பாலும் சாப்பிடலாம். 'சு ஃபெர்பிரவுகன் பிஸ்' அப்படியல்ல, அதுதான் எல்லை. அரைத்த இறைச்சியில் இருப்பது இரண்டாவது. பாதி விலைச் சீட்டு ஒட்டியதை நானும் வாங்குவேன். ஆனால் அன்றே சமைப்பேன் அல்லது அன்றே உறையவைப்பேன். உறையவைக்கும்போது பையில் போட்டு விரல் தடிப்புக்குத் தட்டையாக அழுத்திவிடுங்கள். காலையில் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் மாலையில் இளகியிருக்கும். ஹைட்சுங்கின் மேல் வைத்து இளக்குகிறவர்களை நான் அறிவேன். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. இது மாட்டிறைச்சி என்பதை நம் மேசையில் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. சைவ உறவினர் நம்மில் அநேகருக்கு உண்டு. ஊரில் "மாடு தின்கிறவர்கள்" என்பது ஒருவரை இறக்கிச் சொல்லும் பேச்சாகவும் இருந்தது; அதற்குள் சாதியும் இருந்தது. அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு நாம் சமைக்கத் தேவையில்லை. ஆனால் என் மாமி ஞானஸ்நானம் பெற்று இருபது வருடமாகியும் மாட்டிறைச்சி தொடமாட்டார். பயமோ வெறுப்போ இல்லை, தொண்டைக்குள் இறங்காது என்பார், அவ்வளவுதான். தொடக்கத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. எதையும் சாப்பிடலாம் என்று விடுதலை பெற்ற பிறகு என்ன? கொரிந்து சபையிலும் இறைச்சியைப் பற்றித்தான் சண்டை வந்தது. பவுல் அங்கே யாருடைய அறிவு சரி என்று தீர்த்ததோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கிற சகோதரனைப் பார் என்றுதான் எழுதுகிறார். இப்போது மாமி வரும் நாட்களில் அதே பிரட்டலைக் கோழியில் செய்கிறேன், அல்லது சோயா மீற்றில். தனிச் சட்டி, தனி அகப்பை. கோழியையும் கடையில் அரைத்தே வாங்கலாம், முழுக்க வேக வேண்டும் என்ற விதி அதற்கு இன்னும் கடுமை. நண்பர்களைக் கூட்டி வந்தால், தட்டில் இருப்பது என்ன இறைச்சி என்று சாப்பிடுமுன் சொல்லிவிடுங்கள். மிக்ஸ் என்று எழுதிய அரைத்த இறைச்சியில் பன்றியும் கலந்திருக்கலாம், வாசித்து வாங்குங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். எப்போதும் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது என்றால் வைத்தியரிடம் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். 100 கிராம் மாட்டிறைச்சியில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரை, பருப்பில் இருப்பதைவிட உடல் இதை எளிதாக எடுத்துக்கொள்ளும். தேசிக்காயும் பெப்பெறோனியும் மரக்கறியிலுள்ள இரும்பையும் உள்ளே இழுக்க உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள். அதற்காகத் தினமும் இறைச்சி வேண்டாம். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒருவருக்கு 100 முதல் 120 கிராம் என்பதே இங்குள்ள பரிந்துரையின் மேல் எல்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சிவப்பிறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதன் பட்டியலில் வைத்தது. பதப்படுத்திய இறைச்சியை, உறுதியாக உண்டாக்கும் பட்டியலில். நமது முகாம்களில் நெருப்பில் வாட்டும் செர்வெலா இரண்டாவது பட்டியலைச் சேர்ந்தது. இளையோர் தலைவர்கள் கோபிக்க வேண்டாம்.

சட்டி சூடேறுமுன் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, ஜாக்கெட்டுகளை உள்ளே போடுங்கள். ட்றாமில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் திருப்பும்போது வருகிற கூச்சத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். காற்றிழுப்பானைச் சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் மூடிப் பிறிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளைக்குள் முடியுங்கள். அடுத்த நாள் ரொட்டிக்குள் சுருட்டிக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாடு.

இப்போது பிற்பகல் பணி எனக்கு. வீட்டுக்கு வரப் பதினொன்றரை ஆகும். போன வியாழக்கிழமை பிறிட்ஜைத் திறந்தால் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. மேலே மகளின் கையெழுத்தில் ஒரு தாள்: "அம்மா, 70 பாகை பார்த்தேன். உப்புப் போட மறந்துபோனேன்."