ரொட்டி மிஞ்சியது, மொழி?

மாட்டிறைச்சியையும் முட்டைக்கோஸையும் வெங்காயத்துடன் வதக்கி, மாவுக்குள் பொதிந்து சுட்டெடுக்கும் ரொட்டி அது. பெயர் ரன்சா. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அதைத் தெரியாதவர் குறைவு.

1949இல் சாலி எவரெட், தம் சகோதரர் அலெக்ஸ் பிரெனிங்குடன் லிங்கன் நகரில் ரன்சா கடையைத் திறந்தார். மூலதனம், வீட்டுப் பக்குவம். அவர்கள் வோல்கா ஜெர்மானியர் வம்சம்.

1763இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின், நிலமும் படைச்சேவையிலிருந்து விலக்கும் தருவதாக அழைத்தார். ஜெர்மானிய விவசாயிகள் வோல்கா நதிக்கரையில் குடியேறினார்கள். 1874இல் அந்த விலக்கு பறிபோனது. பலர் மறுபடியும் மூட்டை கட்டி, கான்சஸ், நெப்ராஸ்கா சமவெளிகளுக்கு வந்து கோதுமை விதைத்தார்கள்.

முதல் உலகப் போர் ஜெர்மன் மொழிமீது வெறுப்பை வளர்த்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பிக்க 1919இல் நெப்ராஸ்கா தடை போட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அதற்குள் வீட்டுப் பேச்சு ஆங்கிலத்துக்கு நழுவத் தொடங்கியிருந்தது.

அடுப்படிக்கு யாரும் தடை போடவில்லை. 1966இல் சாலியின் மகன் டொனால்ட் இரண்டாவது கடையைத் திறந்தார். இன்று ரன்சா பல ஊர்களில் கிளை பரப்பிய நிறுவனம்.

பாட்டியின் கைப்பக்குவத்தை எழுதி வைக்கப்போகிறீர்களா? அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். ருசி தானாகவே பிழைத்துக்கொள்ளும். சொற்களுக்குத்தான் ஆள் வேண்டும்.