அளவுகோலில் விழாத பனி

குளிர்காலப் பேரிடர் என்றால் நம் கண்முன் வருவது டெல்லியின் மூடுபனியும் காஷ்மீரின் பனிக்கட்டியும்தான். அரசு விதிகளும் அந்தப் பக்கம் பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி தரத்தக்க இடர்களின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சியோடு உறைபனியும் குளிர் அலையும் உண்டு. ஆனால் சமவெளியில் குளிர் அலை என்று வானிலைத் துறை சொல்ல வேண்டுமானால் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்காவது இறங்க வேண்டும். திருச்சியின் பழைய பதிவேட்டில் மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் 1884 பிப்ரவரியில். இந்தக் கணக்குப்படி திருச்சி மாவட்டத்துத் துறையூர்க்காரருக்குக் குளிர்காலமே கிடையாது. மார்கழி விடியலில் வெங்காயக் காட்டு வரப்பில் நிற்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே தட்டுப்போலக் கிடக்கிறது துறையூர் வட்டாரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும்போது மண்ணில் ஈரம் இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும். மேகமில்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை வேகமாக விட்டுவிடுகிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் அடிவாரத்தில் இறங்கித் தேங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் இலைமேல் நீராகப் படிகிறது; வெயில் ஏறும்வரை காய்வதில்லை. கெடுதல் செய்வது குளிர் அல்ல, அந்த ஈரம் இலையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான். பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, சேர்ந்தாற்போல் பல மணி நேர ஈரம் வேண்டும். சின்ன வெங்காயத்தாளில் முதலில் ஊதா நிறத்தில் சிறு கீற்று விழும். பிறகு நுனி கருகி, தாள் பாதியில் ஒடிந்து தொங்கும், மண்ணுக்குள் காய் பருக்காது. சம்பா நெல்லில் குலைநோய் கதிரின் கழுத்தைப் பிடிக்கிறது. கழுத்தில் கறுத்த வளையம், அதற்கு மேலே வெளுத்து நிமிர்ந்து நிற்கும் கதிர். உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர். புயலடித்தால் மறுநாளே அதிகாரிகள் கணக்கெடுக்க வருவார்கள். பனி அடித்த வயலோ தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும்.

அறுத்த நெல்லையும் பனி விடுவதில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேலிருந்தால் எடுக்க மாட்டார்கள். பகலெல்லாம் களத்திலும் தார்ச்சாலையிலும் காயவைத்த நெல், மூடாமல் விட்டால் ஒரே இரவில் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு அந்த வரம்பு 20 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. மழை கண்ணுக்குத் தெரிந்ததால் விதி வளைந்தது. பனிக்காக அதை வளைக்கும்படி கேட்க ஆளில்லை.

பனியால் நன்மையும் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். நெல் அறுத்த தரிசில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே விளைகின்றன. கொண்டைக்கடலைக்கும் குளிர்ந்த இரவு உகந்தது. ஆனால் பயறுக்கு உதவும் பனியே பக்கத்து வயல் வெங்காயத்தைக் கருக்குகிறது என்பதால்தான் அதை அளக்க வேண்டியிருக்கிறது. ஆட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும். புல்லில் பனி காயாமல் பட்டியைத் திறக்க மாட்டார்கள். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். காப்பீடு பார்ப்பது அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலை, தனித்தனி வயலை அல்ல. அடிவாரத்தில் பனி தேங்கும் பத்து ஏக்கரின் இழப்பு, மேட்டு நிலத்தின் நல்ல விளைச்சலில் கரைந்துவிடும். நிவாரணத்துக்கும் 33 சதவீதச் சேதம் காட்ட வேண்டும். பனிச் சேதம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. பூமி சூடாகிறதே, இனி பனி குறையாதா என்றும் கேட்கலாம். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும். சிக்கல் ஈரத்தில் இருக்கும்போது தெர்மாமீட்டரைப் பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது.

பனிக்கும் உடனே நிவாரணம் கொடுங்கள் என்பதல்ல இந்தக் கட்டுரையின் கோரிக்கை. இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்று அளக்கும் உணரி ஒன்றும் அரிய கருவியல்ல. துறையூர், உப்பிலியபுரம் பகுதிகளில் அடிவாரத்தில் இரண்டு, மேட்டில் இரண்டு வைத்தால்கூட, எந்த இரவுக்குப் பிறகு மருந்து அடிக்க வேண்டும், எந்த வாரம் அடிக்காமல் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லிவிட முடியும். செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை அறிவிப்பில் மழைக்கும் வெப்பநிலைக்கும் பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். வரும் கார்த்திகைக்குள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் தோட்டக்கலைத் துறையும் அந்த வரியைத் தொடங்கி வைக்கட்டும்.