எழுத்துருவும் எழுத்தமைப்பும்: கணினியிற் பிழையறத் தமிழ் வரைதல்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், எழுத்தின் வடிவையும் அது நிற்கும் இடத்தையும் எழுதுவோன் கையே தீர்மானித்தது. அச்சுக்கூடம் வந்தபின்னர் அவ்வேலையை ஈய அச்சுக்களும் அவற்றைக் கோத்த அச்சுக்கோப்பாளரும் பகிர்ந்துகொண்டனர். இற்றை நாளில் அவ்விருவர் தொழிலையும் கணினி நிரல்கள் ஏற்றுள்ளன. பரிசளிப்பு விழாச் சான்றிதழ்கள், மாணவர் பெயர்ப்பட்டியல்கள், அழைப்பிதழ்கள் முதலியன நூற்றுக்கணக்கில் ஒரே கட்டளையால் வரையப்படுகின்றன. கையும் இல்லை, இடையில் நின்று பார்க்கும் கண்ணும் இல்லை. ஆதலின் நிரலுக்கு நாம் இடும் ஏற்பாடு பிழைத்தால், கோபாலன் என்னும் மாணவன் பெயரிற் கொம்பு இடம்மாறிக் கிடக்கும். புள்ளி தலையை விட்டு விலகி நிற்கும். பல்லாண்டு உழைத்துப் பெற்ற பரிசிலே தன் பெயர் சிதைந்து நிற்பதைக் காணும் மாணவனுக்கு அது சிறு பிழையன்று. அப்பிழை எங்ஙனம் நேர்கின்றது, அதனை எங்ஙனம் தவிர்க்கலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

முதலில் எழுத்துரு என்பது யாது எனக் காண்போம். கணினியிலுள்ள எழுத்துரு, எழுத்துக்களின் படங்களைக் கொண்ட பெட்டி அன்று. அவ்வெழுத்துக்களின் புறக்கோட்டைக் கூறும் கணிதக் குறிப்பேயாகும். ஒரு சதுரத்தைக் கற்பனையாக வரைந்து, அதன் பக்கத்தை 1000 அல்லது 2048 கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளில் ஒவ்வொரு வளைவும் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது எனக் குறித்து வைத்திருப்பர். ஆதலின் ஒரே எழுத்துருவை எந்த அளவிலும் வரைதல் கூடும். இக்கோடுகளைத் திரைப் புள்ளிகளாக மாற்றும் நிரல் நூலகங்களுட் புகழ் பெற்றது ஃபிரீடைப் என்பது. டேவிட் ரேணர் என்பார் 1996இல் அதனைத் தொடங்கினார். அந்நூலகம் ஒரு திரைப்புள்ளியை 64 கூறாக்கி அளக்கும் நுட்பமுடையது. விளிம்பிலுள்ள புள்ளிகளை முழுக் கருமையாக்காது சாம்பல் நிறமாக்குவதால் வளைவுகள் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுகின்றன.

எழுத்துருவை அறிந்தவுடன் எல்லாம் முடிந்ததென எண்ணுதல் தவறு. எழுத்து வேறு, உருவம் வேறு. 1991இல் முதற்பதிப்பாக வெளிவந்த யூனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறியேடு தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியது. அவ்விடங்கள் யாவும் நிரப்பப்பட்டில. எமது நெடுங்கணக்கில் உள்ள 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் அங்கில்லை. உயிர்கள், அகரமேறிய மெய்கள், ஆய்தம், புள்ளி, உயிர்க்குறிகள் ஆகியனவே உள. ஏனையவை இவற்றின் சேர்க்கையாற் பிறக்கின்றன. யாழ்ப்பாணம் என்னும் சொல்லை நாம் ஆறெழுத்தாக எண்ணுகின்றோம். கணினி அதனைப் பதினொரு குறிகளாகச் சேமிக்கின்றது.

இக்குறிகள் ஒலிக்கும் முறையிலேயே சேமிக்கப்படுகின்றன என்பது கருதத்தக்கது. கொழும்பு என்று எழுதும்போது ககரக் குறி முன்னும் ஒகரக் குறி பின்னுமாகவே கணினியில் நிற்கும். கண்ணுக்கோ கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் இறுதியுமாகத் தோன்றவேண்டும். சேமித்த வரிசையை இவ்வாறு காணும் வரிசையாக மாற்றி, எவ்வெவ் வடிவங்கள் எவ்வெவ் விடத்து நிற்கவேண்டும் எனத் தீர்மானிக்கும் வேலையையே எழுத்தமைப்பு என்கின்றோம்.

இவ்விடர்ப்பாடு தமிழுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது இதற்கு ஒப்பானதொரு சிக்கலை எதிர்கொண்டார். மெய்யோடு ஒட்டவேண்டிய குறியைத் தட்டும்போது தாள் நகராது அவ்விடத்திலேயே நிற்குமாறு நகரா விசை என்னும் ஏற்பாட்டைச் செய்து அதனைத் தீர்த்தார். எனினும் தட்டச்சாளர் கொம்பை முதலிலும் மெய்யைப் பின்னருமாகத் தம் கையாலேயே வரிசைப்படுத்தித் தட்டவேண்டியிருந்தது. கணினியில் அவ்வரிசைப்படுத்தலை நிரல் செய்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

அந்நிரல் தன் வேலையைச் செய்வதற்கு எழுத்துருவின் உதவி வேண்டும். மைக்ரோசொப்ட், அடோபி ஆகிய இரு நிறுவனங்களும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் என்னும் அமைப்பில், எழுத்துருவினுள்ளே இரு பட்டியல்கள் இடம்பெற்றன. ஒன்று மாற்றீட்டுப் பட்டியல்: பகரமும் உகரக் குறியும் அடுத்து வரின் அவ்விரண்டினையும் நீக்கி, பு என்னும் ஒரே வடிவை இடுக என்பது போன்ற விதிகள் அதில் உள. மற்றையது இடப் பட்டியல்: புள்ளி எந்த எழுத்தின் தலைமேல் எவ்வளவு விலகி நிற்கவேண்டும் என்பன போன்றவற்றை அது கூறும். இப்பட்டியல்களைப் படித்து நிறைவேற்றும் நூலகமே ஹார்ஃப்பஸ் எனப்படுவது. பாரசீக மொழியில் அப்பெயருக்குத் திறந்த எழுத்து என்பது பொருள். ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபொத் என்பார் அதனை வளர்த்தவருள் முதன்மையானவர்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பைதன் என்னும் நிரல்மொழியை மாணவர் பலர் கற்கின்றனர். அம்மொழியிற் படம் வரைவதற்குப் பெரிதும் பயன்படும் நூலகம் பில்லோ. பழைய படநூலகம் ஒன்றிலிருந்து 2010இற் கிளைத்தது அது. சான்றிதழ்ப் படத்தின்மேற் பெயர்களை எழுதுவதற்குப் பலரும் இதனையே நாடுவர். இந்நூலகத்தில் எழுத்தமைப்புக்கு இரு முறைகள் உள. ஒன்று அடிப்படை முறை. மற்றையது ராக்ம் முறை. ராக்ம் என்பது எழுத்து எனப் பொருள்படும் அரபுச் சொல். எண் என்ற பொருளும் அதற்குண்டு.

அடிப்படை முறை ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு வடிவத்தை எடுத்து வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது. கொம்பு முன்னே வாராது. உகரக் குறி பகரத்தோடு சேராது தனித்து நிற்கும். ராக்ம் முறையோ மூன்று நூலகங்களைத் துணைக்கொள்ளும். ஃபிரிபிடி என்பது எழுதும் திசையை அறிந்து கூறும். அரபு போல வலமிருந்து எழுதும் மொழிகளுக்கு இது இன்றியமையாதது. ஹார்ஃப்பஸ் வடிவங்களைத் தெரிந்து இடம் வகுக்கும். ஃபிரீடைப் அவற்றை வரையும். 2017இல் வெளிவந்த 4.2 ஆம் பதிப்பு முதல் இவ்வசதி பில்லோவில் உளது.

ஈண்டு ஒரு கண்ணி உளது. முறை யாதெனக் குறிப்பிடாதவிடத்து, ராக்ம் கிடைக்குமாயின் பில்லோ அதனையே கொள்ளும். கிடைக்காவிடின் வாய்பேசாது அடிப்படை முறைக்கு இறங்கிவிடும். இதனால் ஒரு கணினியிற் செம்மையாக வந்த சான்றிதழ், துணை நூலகம் இல்லாத மற்றொரு கணினியிற் சிதைந்து வருதல் கூடும். நிரலில் ஒரு பிழையும் இராது, எழுத்துருவும் அதுவே. ஆதலின் வேலையைத் தொடங்குமுன் ராக்ம் உண்டோ எனப் பில்லோவையே வினாவி, இல்லையென விடைவரின் நிரலை அங்கேயே நிறுத்துமாறு எழுதுதல் நன்று.

சிதைவைக் கண்டவர் சிலர் வேறொரு வழியை நாடுவர். கொம்பை மெய்க்கு முன்னாகத் தாமே மாற்றி எழுதி, அடிப்படை முறையிலும் சரியாகத் தோன்றும்படி செய்துவிடுவர். கண்ணுக்கு அது சரியே. ஆயின் சேமித்த எழுத்துக் கெட்டுவிடும். அப்பெயரைத் தேடினால் அகப்படாது, அகரவரிசைப்படுத்தினாற் பிறழும். வடிவைத் திருத்துவதற்காக எழுத்தைக் கெடுத்தல் முறையன்று.

ஏனைய ஏற்பாடுகளையும் சுருங்கக் கூறுவோம். பில்லோவில் எழுத்தின் அளவு திரைப்புள்ளிக் கணக்கிலே கொடுக்கப்படுவது. அச்சுக்கூடத்தார் கூறும் பொயின்ற் கணக்கில் அன்று. கணினி அச்சில் ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ற். அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிடுவதாயின், 12 பொயின்ற் எழுத்துக்கு 50 என்னும் அளவு கொடுக்கவேண்டும். அடுத்து, எழுத்தை எப்புள்ளியிலிருந்து வைப்பது என்னும் நங்கூர ஏற்பாடு. நாம் ஒன்றும் கூறாவிடின் மேலெல்லையிலிருந்து கணக்கிடப்படும். கோட்டின்மீது பெயர் அமையவேண்டுமாயின் அடிக்கோட்டு நங்கூரத்தைத் தெரிதல் வேண்டும்.

நீண்ட பெயர்கள் ஒதுக்கிய இடத்துள் அடங்குமோ என்பதை அறியச் சொல்லின் நீளத்தை அளக்கவேண்டும். குறிகளைத் தனித்தனி அளந்து கூட்டினால் விடை பிழைக்கும். சேர்ந்தபின் வடிவம் மாறுதலின் முழுச் சொல்லையும் ஒருங்கே அளத்தல் வேண்டும். வரியை முறிக்கும்போதும் மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையே முறிக்கலாகாது. எழுத்துருவில் இல்லாத எழுத்து வருமாயின் வெறும் பெட்டியொன்று அவ்விடத்துத் தோன்றும். பெயரின் முதலெழுத்துக்களை ஆங்கிலத்தில் எழுதுவோர், தாம் கொண்ட தமிழ் எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்களும் உளவோ என முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இம்முறையின் பயன் பழைய எழுத்து வழக்கிலும் விளங்கும். பழைய மலர்களிற் றா, ணை, லை முதலிய 13 எழுத்துக்கள் வளைந்த பழைய வடிவில் அச்சாகியிருத்தலை மூத்தோர் அறிவர். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றுக்குப் புதிய வடிவங்களை ஏற்று ஆணையிட்டது. கணினிக்கோ இவ்விரண்டும் ஒன்றே: சேமித்த குறிகள் மாறா. பழைய வடிவம் வேண்டுவோர் அதற்கு விதி வகுத்த எழுத்துருவைத் தெரிந்தாற் போதும். எழுத்து நிலைத்து நிற்ப, உருவம் மட்டும் மாறுகின்றது.

இதற்கு மாறானது பாமினி போன்ற எழுத்துருக்களின் வழி. அவை ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. யூனிக்கோட் பரவுமுன் எமது நாட்டிலே தமிழ் தட்டச்சுக்கு அவை பேருதவி புரிந்தன. அத்தொண்டை மறத்தல் தகாது. ஆயின் அவற்றால் எழுதிய கோப்பிலிருந்து அவ்வெழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. அவ்வாறு தட்டெழுதப்பட்ட அறிக்கைகளும் மலர்களும் உறுப்பினர் பட்டியல்களும் பழைய கணினிகளில் உறங்குகின்றன. அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றித் தரும் நிரல்கள் உள. மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவதற்கு மனிதர் வேண்டும். பழைய பெயர்களையும் ஊர்களையும் அறிந்த மூத்த மாணவரும், கணினி அறிந்த இளைய மாணவரும் ஒருங்கிருந்து செய்யத்தக்க பணி இதுவாகும்.

நிறைவாக ஒன்று கூறுவோம். எந்த நிரலைக் கொண்டு சான்றிதழ் வரைந்தாலும், முதலிற் கொ, கோ, கௌ, பு, மூ, க்ஷ, ஸ்ரீ ஆகிய எழுத்துக்களை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அவை செவ்வனே வரின் ஏனையவும் பெரும்பாலும் செவ்வனே வரும். பின்னர், அச்சிடுமுன் பெயர்ப்பட்டியல் முழுவதையும் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பார்த்துச் சரிபிழை காணுங்கள். பெயர்கள் தம் உருவம் கெடாது நிற்பதற்கு அவ்வளவு நேரம் செலவிடல் தகும்.